சிலுவைப் பணிசும் சிவந்த முட்டையும்

பெரிய வெள்ளிக்கிழமை நெருங்குங் காலத்தில், கொழும்பு நகரத்துப் பாண் கடைகள் சிலவற்றின் கண்ணாடிப் பெட்டிகளிலே, நாள்தோறுங் காணும் பணிசுகளுக்கு நடுவே ஒரு புதிய விருந்தாளி வந்து அமர்ந்திருப்பதை நேயர்கள் கண்டிருத்தல் கூடும். வட்டமான பணிஸ், கபில நிறம், மேனி முழுவதும் சீனிப்பாகு பூசிய பளபளப்பு, உச்சியில் வெள்ளை மாவினால் இட்ட ஒரு சிலுவை. அருகே சென்றால் கறுவாவும் சாதிக்காயும் மணக்கும். கையைப் பிடித்துக்கொண்டு உடன்வரும் சிறுவர் எவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பணிசுக்கு ஏன் சிலுவை போட்டிருக்கிறார்கள்?” பெரியோரிற் பலர், “பெரிய வெள்ளி வருகிறதல்லவா?” என்று சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டு நடந்துவிடுவர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறு நடந்தவர்களே. இக்கிழமை அக்கேள்விக்குச் சற்று நின்று விடை கூறலாம் என எண்ணினோம்.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். நாம் ‘பாண்’ என்கிறோமே, அது போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொல். அதனை வேகவைக்கும் ‘போறணை’யும் அவர்கள் வழியாக வந்ததே. ‘பணிஸ்’ என்பதோ ஆங்கிலேயரின் பன்மைச் சொல்லை நாம் ஒருமையாக்கி வைத்துக்கொண்டது. எனவே, ஒரு பாண் கடை வாசலில் நின்று நாம் பேசும் நாலு வார்த்தைக்குள் நம் தீவை ஆண்ட இரண்டு ஐரோப்பிய இனத்தவர் குடியிருக்கின்றனர். அச்சிலுவைப் பணிசின் கதையிலே நம் தீவும் ஒரு பங்கு கொண்டது என்பதைச் சிறிது நேரத்தில் காண்போம்.

இங்கிலாந்திலே இப்பணிசைப் பற்றிய பழைய சான்றுகளுள் ஒன்று, அதனைப் புகழ்ந்தெழுதிய பாட்டன்று. அதனைத் தடுத்தெழுதிய ஆணை. 1592ஆம் ஆண்டு, முதலாம் எலிசபெத்து இராணியின் ஆட்சியில், இலண்டன் மாநகரத்துச் சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரி ஒரு கட்டளை பிறப்பித்தார். வாசனைத் திரவியஞ் சேர்த்த பணிஸ், கேக், விசுக்கோத்து முதலியவற்றை ரொட்டி சுடுவோர் கண்டபடி விற்றல் ஆகாது. மூன்று சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே விலக்கு: இறந்தோரை அடக்கஞ் செய்யும் நாள், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளி, நத்தார். மீறினால் விற்பனைக்கு வைத்த பண்டம் யாவும் பறிக்கப்பட்டு ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். தண்டனைகளுள் இதுபோன்ற இனிய தண்டனை வேறொன்றை நாம் படித்ததில்லை. அவ்வாண்டு இலண்டன் ஏழைகள், ரொட்டிக்காரர் ஒருவரேனும் சட்டத்தை மீறமாட்டாரா என்று வேண்டிக்கொண்டிருந்தாலும் வியப்பில்லை.

அவ்வாணையின் காரணம் யாது? சிலுவை அடையாளமிட்ட அப்பங்கள் பழைய கத்தோலிக்க வழக்கத்தின் மிச்சம் என்ற ஐயம், புரட்டஸ்தாந்து மதத்தைத் தழுவிய அரசாங்கத்துக்கு இருந்தது என்று எழுதுவோர் பலர். எக்காரணமாயினும், சந்தையில் விற்பதைத் தடுக்கலாம்; வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து மாவைத் தட்டிப் பறிக்க எந்த அரசினால் இயலும்? மக்கள் தத்தம் வீட்டிலேயே சுடத் தொடங்கினர். அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலத்திலும் அடக்கிப் பார்த்தனர், பயன் விளையவில்லை. ஆணை பிறந்து ஒன்றரை நூற்றாண்டு கழியுமுன், 1733ஆம் ஆண்டின் பஞ்சாங்க நூல் ஒன்றிலே, பெரிய வெள்ளியன்று தெருத் தெருவாகப் பணிஸ் கூவி விற்பதைப் பற்றிய குறிப்பு அச்சேறிவிட்டது. கூவி விற்றவர்களின் விலைக்குரலே பிற்காலத்துக் குழந்தைகள் பாடும் பாட்டாயிற்று.

அதே 1592ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. கீழைநாடுகளிலிருந்து இலிஸ்பனுக்குச் சரக்கேற்றி வந்த ‘மாத்ரே தே தேயுஸ்’ என்னும் போர்த்துக்கேயப் பெருங்கப்பலை, அசோர்ஸ் தீவுகளின் அருகே ஆங்கிலேயக் கப்பல்கள் மறித்துக் கைப்பற்றின. டார்ட்மத் துறைமுகத்துக்கு அதனை இழுத்து வந்தபோது, அப்படியொரு கப்பலை அந்நாட்டார் அதற்குமுன் கண்டதில்லை. மிளகு நூற்றுக்கணக்கான தொன். கராம்பு நாற்பது தொன்னுக்கு மேல். கறுவா ஏறக்குறைய 35 தொன். சாதிக்காயும் சாதிபத்திரியும் வேறு. அக்காலத்திலே உயர்தரக் கறுவா போர்த்துக்கேயர் கைக்குக் கிடைத்த இடம் நம் இலங்கையே. சந்தையிலே வாசனைப் பணிசுக்குத் தடை. துறைமுகத்திலே வாசனைத் திரவியம் மலைபோற் குவிந்து கிடக்கிறது! சரித்திரத்துக்கும் நகைச்சுவை உண்டு என்பதை இதனால் அறியலாம்.

ஆயினும், அக்கறுவாவை உரித்துக் கொடுத்தவர்களுக்கு அதில் நகைப்புக்கு இடமில்லை. கறுவா உரித்தல் நம் நாட்டில் ஒரு சாதியார் மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. போர்த்துக்கேயர் அதனை இறுக்கினர். 1658இல் அவர்களை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர் அதனினும் இறுக்கினர். அனுமதியின்றிக் கறுவா மரத்தை வெட்டுவதும், களவாகப் பட்டையை விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் என்று ஒல்லாந்தர் சட்டஞ் செய்தனர். காட்டிலே தானாக வளர்ந்த மரத்தை நம்பியிருந்த அவர்கள், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பை அடுத்துத் தோட்டமாகவே கறுவாவைப் பயிரிட்டனர். இன்று பெரிய மாளிகைகள் நிற்குங் ‘கறுவாத்தோட்டம்’ என்னும் பெயர் அதன் எச்சம். ஐரோப்பியர் ஒருவர் பெரிய வெள்ளியன்று பணிசைப் பிட்டு வாயில் வைத்தபோது மணந்தது, இங்கே காட்டிற் கத்தியுடன் அலைந்த ஒருவரின் உழைப்பு.

அப்பணிசின் மீது ஆங்கில மக்கள் கொண்டிருந்த நம்பிக்கைகள் பல. பெரிய வெள்ளியன்று சுட்டது பூஞ்சணம் பிடியாது என்பர். அடுக்களையில் நூலிற் கட்டித் தொங்கவிட்டால் அவ்வாண்டு முழுதும் வீட்டில் தீ விபத்து நேராது. கப்பலிற் கொண்டு சென்றால் கப்பல் உடையாது. வயிற்றுப் போக்குக்கு அதனைத் துருவி நீரிற் கலந்து மருந்தாகவுங் கொடுத்தனர். திருநீற்றை நீரிற் கரைத்துக் கொடுக்கும் நம் பாட்டிமாருக்கு இது விளங்காத காரியமன்று. மாவை நன்றாக உலரச் சுட்டு, காற்றோட்டமான அடுப்பங்கரையில் தொங்கவிட்டால், ஈரம் வற்றிக் கல்லாய்விடும். பூஞ்சணம் பிடிக்க ஈரம் வேண்டும். இதுவே அதன் இரகசியம். ஆனால், கிழக்கு இலண்டனில் தொங்கும் பணிசுகளுக்கு இவ்விளக்கம் போதாது.

‘போ’ என்னும் அப்பகுதியில் ‘விதவையின் மகன்’ என்று பெயர்பெற்ற மதுச்சாலை ஒன்று உண்டு. அது 1848இல் கட்டப்பட்டது. அதற்குமுன் அவ்விடத்தில் ஒரு சிறு குடிசை இருந்ததாம். அதில் வாழ்ந்த விதவைக்கு ஒரே மகன், மாலுமி. கடலுக்குச் செல்லுமுன், உயிர்த்த ஞாயிற்றுக்குள் திரும்புவேன், எனக்கு ஒரு பணிஸ் எடுத்துவையுங்கள் என்று தாயிடஞ் சொல்லிப் போனான். பெரிய வெள்ளி வந்தது, மகன் வரவில்லை. தாய் பணிசை எடுத்து வைத்தாள். அடுத்த ஆண்டு இன்னுமொன்று. அதற்கடுத்த ஆண்டு மற்றொன்று. அவள் கண்மூடிய பின்னர் வீட்டைத் திறந்தோர், கூரையிலிருந்து வலையொன்றிலே வரிசையாகத் தொங்கிய பணிசுகளைக் கண்டனர் என்பது அவ்வூர்க் கதை. மதுச்சாலை எழுந்த பின்னரும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. பெரிய வெள்ளிதோறும் கடற்படை மாலுமி ஒருவர் வந்து புதியதொரு பணிசை அவ்வலையிற் சேர்ப்பது அங்கே வழக்கமாயிற்று. கதை எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்று ஆராய்வோர் ஆராயட்டும். வராத மகனுக்குச் சோறு எடுத்து மூடிவைக்குந் தாய்மாரை நம் நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் அறிந்தவர்கள் நாம். அக்கதையை நம்ப நமக்குச் சான்று வேண்டியதில்லை.

பணிஸ் விற்பனையால் உண்டான தொல்லையும் ஒன்றுண்டு. இலண்டனைச் சேர்ந்த செல்சியில் 18ஆம் நூற்றாண்டிலே பெயர்பெற்ற பணிஸ் கடை ஒன்று இருந்தது. அரச குடும்பத்தாரும் அங்கே வருவர். பெரிய வெள்ளியன்று விடியுமுன்னரே கூடிய பெருங்கூட்டத்தின் ஆரவாரம் அயலாரை அச்சுறுத்தியதால், 1793இல் கடைக்கார அம்மையார் ஓர் அறிவித்தல் வெளியிட்டார்: நமக்கு நட்டமாயினும் ஆகுக, இம்முறை பெரிய வெள்ளியன்று சிலுவைப் பணிஸ் விற்கப்படமாட்டாது! அரசின் ஆணைக்குப் பணியாத பணிஸ், அயலாரின் நித்திரைக்குப் பணிந்தது.

இனி முட்டைக்கு வருவோம். உயிர்த்த ஞாயிறும் முட்டையும் எவ்வாறு உறவாயின என்பதற்குப் பல தத்துவ விளக்கங்கள் உண்டு. ஓட்டை உடைத்துக் குஞ்சு வெளிவருவது கல்லறை திறந்ததற்கு ஒப்பு என்பர். அழகிய ஒப்புமைதான். ஆனால், அடுக்களைப் பக்கமிருந்து பார்த்தால் விடை எளிது. பழைய காலத்துத் தபசுகாலத்தில் இறைச்சி மட்டுமன்று. பாலும், வெண்ணெயும், முட்டையும் விலக்கு. ஆனால் கோழிக்குத் தபசுகாலம் தெரியாது. ஐரோப்பாவிலே குளிர்காலம் நீங்கிப் பகல் நீளத் தொடங்கும் அப்பருவத்திலேதான் அது மிகுதியாக முட்டையிடும். வெளிச்சம் கூடக் கூட முட்டை கூடும் என்பதைக் கோழி வளர்ப்போர் அறிவர். ஆறு ஏழு கிழமைகளாக உண்பாரின்றிச் சேர்ந்த முட்டைகளை என் செய்வது? அவித்து வைத்தனர், சாயமேற்றினர், நோன்பு முடிந்த காலையில் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். 1290ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கிலே, 450 முட்டைகளுக்காக 18 பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுக்குச் சாயமிட்டும் பொற்றகடு ஒட்டியும் உயிர்த்த ஞாயிற்றுப் பரிசாக வழங்கினர்.

முட்டையைத் துறந்தவர்களாலும் வெண்ணெயைத் துறத்தல் எளிதாயிருக்கவில்லை. எண்ணெய் வித்து மலிவாக விளையாத வடபிரான்சிலே, வெண்ணெயின்றிச் சமைப்பது பெருந்துன்பம். காணிக்கை செலுத்தித் தபசுகாலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெறலாம் என்று திருச்சபை இணங்கியது. அவ்வாறு சேர்ந்த பணத்தின் உதவியால், ரூவான் நகரப் பேராலயத்தில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பத் தொடங்கிய உயர்ந்த கோபுரம், ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. நாவை அடக்க இயலாதவர்கள் கட்டிய கோபுரம் ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது!

கிரேக்கர் பெரிய வியாழனன்று முட்டைகளுக்குச் செஞ்சாயமிடுவர். இயேசுநாதர் சிந்திய குருதியின் நிறம் அது. உயிர்ப்பு நள்ளிரவுக்குப் பின் ஒருவர் முட்டையை மற்றவர் முட்டையோடு மோதி உடைப்பது அவர்களுடைய விளையாட்டு. பின்னலாகப் பின்னிச் சுட்ட இனிப்புப் பாணிலும் சிவந்த முட்டையைப் பதித்து வைப்பர். ஆங்கிலேயரின் ‘சிம்னல்’ கேக்கின் மேல் பாதாம் பசையில் உருட்டிய பதினொரு உருண்டைகள் இருக்கும். பன்னிரண்டு சீடருள் யூதாசுக்கு இடமில்லை. ‘சிம்னல்’ என்பது நுண்ணிய மாவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இத்தாலியரின் புறா வடிவக் கேக் பழமைபோற் தோன்றினும், 1930களில் மிலான் நகரக் கேக் உற்பத்திச்சாலை ஒன்று நத்தார் முடிந்தபின் தன் இயந்திரங்கள் சும்மா கிடக்கலாகாதென்று கண்ட உபாயமே. சொக்கலேற்று முட்டையும் இங்கிலாந்திலே 1873இல் வந்ததுதான். இவற்றை இவ்வளவில் விடுவோம். கடைக்குப் போனால் எவரும் வாங்கலாம்.

கடையில் வாங்க முடியாத ஒன்று நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவு வீட்டிலே செய்யும் ‘பெசஹா அப்பம்’ அது. பச்சையரிசி மாவு, அரைத்த உழுந்து, தேங்காய்ப் பூ, சிறிது சீரகம். இவற்றைக் கலந்து, புளிக்கவிடாமல், ஆவியில் அவிப்பர். யூதர் எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட இரவில், மா புளிக்க நேரமில்லாமற் சுட்ட அப்பத்தின் நினைவு, கோதுமையை விட்டு நெல்லுக்கு மாறி அங்கே தங்கியிருக்கிறது. ‘பெசஹா’ என்பதும் யூதர் சொல்லே. குருத்தோலை ஞாயிறன்று கோவிலிற் பெற்ற ஓலையைக் கிழித்துச் சிலுவையாக்கி அப்பத்தின் மேல் வைப்பர். உடன் தேங்காய்ப் பாலிலே வெல்லமும் ஏலமும் இட்டுக் காய்ச்சிய ‘பெசஹா பால்’. செபம் முடிந்ததும் குடும்பத் தலைவர் அப்பத்தை வெட்டி, மூத்தோர் முதலாக ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். நின்று, வணக்கத்துடன் வாங்கியுண்பர்.

அவ்வாண்டிலே வீட்டில் ஒருவர் இறந்திருந்தால் அவ்வீட்டில் அப்பஞ் செய்வதில்லை. துக்க வீட்டின் அடுப்பு அன்று எரியாது. ஆனால், அவ்வீட்டார் அப்பமின்றி இருப்பதுமில்லை. உறவினரும் அயலாரும் தத்தம் வீட்டு அப்பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவர். நம் ஊர்ச் செத்த வீடுகளுக்கு அயலார் சோறு சமைத்துக் கொண்டு செல்லும் வழக்கத்தை இது நமக்கு நினைவூட்டிற்று.

உயிர்த்த ஞாயிற்றின் பலகாரத்தை ஒரு பெருங்கலையாக வளர்த்தவர்கள் ருஷ்யர் என்றே நாம் கருதுகிறோம். அவர்களுடைய நோன்பு கடுமையானது. ஏழு கிழமைகள் இறைச்சி, பால், முட்டை எதுவுங் கிடையாது. ஆதலால் நோன்பு திறக்கும் விருந்திலே, விலக்கிய யாவும் ஒருங்கே திரண்டு வருகின்றன. முதலாவது, ‘கூலிச்’ என்னும் உயர்ந்த உருளை வடிவப் பாண். வெண்ணெயும் முட்டையும் மாவுக்குத் தாங்கமுடியாத அளவு சேரும். குங்குமப்பூ, ஏலம், முந்திரிகை வற்றலும் உண்டு. இத்தனை கொழுப்பைச் சுமந்த மா மெதுவாகவே பொங்கும். சிறிது குளிர்காற்றுப் பட்டாலும் அமர்ந்துபோகும். எனவே, கூலிச் பொங்கும் வேளையில் கதவை அடித்துச் சாத்தலாகாது, பிள்ளைகள் ஓடலாகாது, உரத்துப் பேசலாகாது என்று வீடே அடங்கியிருக்கும். வெந்த கூலிச்சை நிமிர்த்தி வைத்தால் தன் பாரத்தாலேயே நொறுங்கிப்போகும் என்று, தலையணையின் மேற் சரித்துக் கிடத்தி, குழந்தையைப் புரட்டுவதுபோல் மெல்லப் புரட்டி ஆறவிடுவர். ஆறியபின் உச்சியில் வெள்ளைச் சீனிக்குழம்பு வார்ப்பர்.

இரண்டாவது, ‘பாஸ்கா’. ஆம், நம் கத்தோலிக்க மக்கள் வழங்கும் அதே சொல்தான். ருஷ்யர் அதனை ஒரு பலகாரத்தின் பெயராகவும் ஆக்கிவிட்டனர். பாலைத் திரைத்து எடுத்த கட்டியைச் சல்லடையில் தேய்த்து, வெண்ணெயும் பாலாடையும் சீனியுஞ் சேர்த்து, நான்கு மரப்பலகைகள் பொருத்திய அச்சிலே சீலை விரித்து நிரப்புவர். மேலே பாரம் வைத்தால், இரவு முழுதும் நீர் சொட்டி வடியும். மறுநாள் பலகைகளை அகற்றினால், உச்சி வெட்டிய கூர்ங்கோபுரம் போன்ற வெண்ணிறப் பாஸ்கா நிற்கும். அது இயேசுநாதரின் கல்லறையைக் குறிப்பது. பலகையிற் செதுக்கிய சிலுவையும், ‘கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்’ என்னும் வாழ்த்தின் முதலெழுத்துக்கள் இரண்டும் அதன் பக்கங்களிற் பதிந்திருக்கும். கூலிச், பாஸ்கா, சிவந்த முட்டை மூன்றையும் சீலையில் முடிந்து கோவிலுக்குக் கொண்டுசென்று, குருவானவர் தீர்த்தந் தெளித்தபின்னரே வீட்டில் உண்பர்.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர், கடவுளை மறுத்த அரசாங்கம் இவ்விருந்துக்கு எதிரியாயிற்று. கோவில்கள் பல மூடப்பட்டன. உயிர்ப்புத் திருநாளை ஏளனஞ் செய்யும் ஊர்வலங்கள் நடந்தன. பாஸ்கா செய்யும் மர அச்சுக்கள் பல வீடுகளில் அலுமாரிக்குப் பின்னே மறைந்தன. ஆனால், மா பிசையும் கைகள் மறக்கவில்லை. உருளை அச்சு கிடையாதபோது, தகரப் பேணிகளிலே மாவை ஊற்றிச் சுட்டனர். பிற்காலத்தில் அரசாங்கத்தின் வெதுப்பகங்களே, உயிர்த்த ஞாயிறு அணுகும்போது கூலிச்சைச் சுட்டு விற்றன. பெயரை மட்டும் மாற்றி, ‘வசந்த கேக்’ என்றனர்! வாங்கியவரும் சிரிக்கவில்லை, விற்றவரும் சிரிக்கவில்லை, இருவருக்கும் விளங்கிற்று. உயிர்ப்பு இரவிலே இளைஞர்கள் கோவிலுக்குப் போகாமற் தடுக்கும்பொருட்டு, மற்ற நாளில் காட்டாத மேல்நாட்டுப் பாட்டுக் கச்சேரிகளைத் தொலைக்காட்சியிற் காட்டிய ஆண்டுகளும் உண்டு. எலிசபெத்து இராணியின் சந்தை அதிகாரிக்கு இவ்வளவு சூழ்ச்சி தெரிந்திருக்கவில்லை.

அந்நாட்டு உயிர்த்த ஞாயிறுகளுள் ஒன்றை இங்கே குறிப்பிடாமல் அப்பாற் செல்ல நமக்கு மனமில்லை. 1941 செப்டெம்பரில் ஜெர்மானியப் படைகள் லெனின்கிராட் நகரைச் சூழ்ந்துகொண்டன. நகரத்துள் உணவு தீர்ந்தது. நவம்பர் 20 முதல், தொழிலாளரல்லாத பெரியோருக்கும் சிறுவருக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் பாண். அதிலும் மாவின் பங்கு குறைவு, மரக்கூழும் பிண்ணாக்குஞ் சேர்த்துப் பிசைந்தது. அக்குளிர்காலத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். உறைந்த ஏரியின் மேல் லொறிகள் ஓடத் தொடங்கிய பின், பெப்ரவரியில் அப்பங்கு 300 கிராமாக உயர்ந்தது. 1942ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5ஆம் நாள் வந்தது. முந்தின நாள் மாலை நகரின் மேல் குண்டு வீச்சு. அதனையும் பொருட்படுத்தாது திறந்திருந்த சில கோவில்களுக்கு மக்கள் சென்றனர். கூலிச் இல்லை, பாஸ்கா இல்லை, முட்டை இல்லை. ஆதலால், தம் பங்கிலே கிடைத்த கறுத்த பாண் துண்டைக் கொண்டுசென்று, குருவானவர் முன் நீட்டி ஆசீர்வாதம் பெற்றனர். பசியால் நிற்க இயலாதவர்கள், கையிலிருந்த துண்டை வழியில் உண்டுவிடாமல், சீலையிற் சுற்றிக் கோவில்வரை கொண்டு போயினர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டிலும் ஒரு உயிர்த்த ஞாயிறு உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் காலை, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்குச் சென்றோரும், கொழும்பு விடுதிகளில் உயிர்ப்பு விருந்துக்கு அமர்ந்தோருமாக 250க்கு மேற்பட்டோர் குண்டு வெடிப்புக்களில் உயிரிழந்தனர். அன்று பல வீடுகளில் தயாரித்து வைத்த உணவு தொடப்படாமலே கிடந்திருக்கும். அதன்பின் கோவில்களில் ஞாயிற்றுத் திருப்பலிகள் சில கிழமைகள் நிறுத்தப்பட்டு, மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் வழிபட்டனர். கேரளத்துத் துக்க வீட்டு வழக்கத்தைப் படித்தபோது, அவ்வீடுகளின் நினைவே நமக்கு முதலில் வந்தது.

சிலுவைப் பணிஸ் வீட்டிற் செய்ய விரும்பும் நேயர்களுக்காகச் செய்முறையையும் தருகிறோம். நாம் முதன்முதலிற் செய்தபோது, கறுவாவின் மேற் கொண்ட ஆசையால் அள்ளிப் போட்டுவிட்டோம். மா பொங்கவே மறுத்தது. வெந்ததை எடுத்து மேசையில் வைத்தபோது ஓசை கேட்டது. கறுவாவில் உள்ள எண்ணெய் ஈஸ்டின் வேலையைத் தடுக்கும் என்பது பிறகே தெரிந்தது. ஆகவே, அளவைக் கவனியுங்கள்.

கோதுமை மா 500 கிராம், சீனி 75 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஈஸ்ட் 7 கிராம், கறுவாத் தூள் இரண்டு தேக்கரண்டி (அதற்கு மேல் வேண்டாம்), சாதிக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி, கராம்புத் தூள் ஒரு சிட்டிகை, இவற்றைக் கலந்துகொள்ளுங்கள். இளஞ்சூடான பால் 250 மில்லிலீற்றர், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், அடித்த முட்டை ஒன்று சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். மா முதலிற் கையில் ஒட்டும். பொறுமை இழந்து மேலும் மா தூவவேண்டாம், பிசையப் பிசைய ஒட்டாமல் வரும். முந்திரிகை வற்றல் 150 கிராம் கலந்து, ஈரச் சீலையால் மூடி வையுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு மணி நேரத்துள் இரட்டிப்பாகும். பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டி, தட்டிலே நெருக்கமாக அடுக்கி, மேலும் முக்கால் மணி நேரம் பொங்கவிடுங்கள். 75 கிராம் மாவை ஐந்து மேசைக்கரண்டி நீரிற் குழைத்து, கடதாசிக் கூம்பில் இட்டு, வரிசையின் நீளத்துக்கும் குறுக்குக்கும் கோடு பிழிந்தால், ஒவ்வொரு பணிசுக்குஞ் சிலுவை தானாக அமையும். 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருபது நிமிடம் வேகவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சீனியை அவ்வளவு நீரிற் கொதிக்கவைத்து, போறணையிலிருந்து எடுத்த சூட்டோடு மேலே பூசவேண்டும். ஆறியபின் பூசினால் பளபளப்பு வராது. உண்ணும்போது குறுக்கே பிளந்து சூடு காட்டி வெண்ணெய் தடவுங்கள். பன்னிரண்டில் ஒன்றை, அன்று அடுப்பு எரியாத வீடு அயலில் இருந்தால், அங்கே கொடுத்தனுப்புங்கள்.